இது யாருடைய இரைச்சல்?

திருவேற்காட்டில் நம் தோழர்கள் சிலரின் வீடுகளில் கொஞ்ச காலமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. அப்பனுக்கும் மகனுக்கும் வழக்கு. சொத்துத் தகராறா? சொத்து இருந்தால்தானே தகராறு! இது பாட்டுத் தகராறு. ‘ஹெவி மெட்டல்’ என்று மேல்நாட்டார் பெயரிட்ட, கன உலோக இசை என்று நாம் சொல்லிக்கொள்ளக்கூடிய, ஒரு வகைப் பாட்டைப் பற்றிய தகராறு.

பையன்கள் வேறு யாருமல்ல, நம் பிள்ளைகள்தான். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் அயனம்பாக்கத்துப் பட்டறைகளிலும் பிரஸ் ஓட்டுகிறவர்கள், லேத் ஓட்டுகிறவர்கள், கம்பெனிக் கணக்கில் பெயரில்லாமல் ஒப்பந்தக்காரன் நோட்டில் மட்டும் பெயருள்ளவர்கள். வார விடுமுறை வந்தால் மண்டை ஓடு அச்சடித்த கறுப்புப் பனியனை மாட்டிக்கொண்டு நகரத்துக்குள் எங்கோ ஒரு சிறிய கூடத்தில் நடக்கும் கச்சேரிக்குப் போகிறார்கள். தொண்டை கட்டி, கழுத்துப் பிடித்து, காது அடைத்து நள்ளிரவில் வீடு திரும்புகிறார்கள். விடிந்தால் முதல் ஷிப்டு.

தகப்பன்மார் கொதிக்கிறார்கள். ஏகாதிபத்தியக் கழிசடை என்கிறார் ஒருவர். பிசாசுப் பாட்டு என்கிறார் இன்னொருவர். இவர் பிசாசை நம்பாதவர், பாட்டு விஷயத்தில் மட்டும் நம்புகிறார். முப்பது வருஷம் பிரஸ் ஷாப்பில் உழைத்து ஓய்ந்த ஒரு தோழர் என்னிடமே வழக்கைக் கொண்டுவந்தார். அவர் சொன்னது இது: “இது ஒரு பாட்டா தோழர்? பிரஸ் ஷாப்பிலே எட்டு மணி நேரம் சும்மா கேக்கிற சத்தம். அதைக் கேக்க டிக்கெட்டு வேற வாங்குறானே!”

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் கோபத்தில் உதிர்த்த அந்த வார்த்தையை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. பிரஸ் ஷாப்பின் சத்தம் என்று அவர் காது தெரிந்து சொல்லிவிட்டது. அது எத்தனை பெரிய உண்மை என்பது அவருக்கே தெரியாது.

கேட்காமல் தீர்ப்புச் சொல்வது பண்ணையார் வழக்கம். ஆகையால் அவர் மகனோடு நானும் ஒரு கச்சேரிக்குப் போனேன். ஒரு கடையின் மாடியில் நீளமான ஒரு கூடம். நூறு பேர் நிற்கலாம். இருநூறு பேர் நின்றார்கள். நாற்காலி கிடையாது. மேடை முழங்கால் உயரம். இரண்டு கிதார், ஒரு பெரிய தந்திக் கிதார், இரண்டு காலாலும் மிதித்து அடிக்கிற முரசு, அடிவயிற்றிலிருந்து குரலைப் பிடுங்கி எடுக்கிற ஒரு பாடகன். வாத்தியங்கள் எழுந்த கணத்தில் நெஞ்செலும்பு அதிர்ந்தது. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கும் பிடிபடவில்லை என்று பக்கத்தில் நின்ற பையன் ஆறுதல் சொன்னான்.

கூட்டத்தின் நடுவில் ஒரு வட்டம் தானாகப் பிறந்தது. அதற்குள் இளைஞர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொள்கிறார்கள். சண்டை என்று நினைத்து விலக்கப் போனேன். ஒருவன் கால் இடறி விழுந்தான். விழுந்த மாத்திரத்தில் நான்கு கைகள் அவனைத் தூக்கி நிறுத்தின. ஐந்தாவது கை அவன் செருப்பைத் தேடிக் கொடுத்தது. விழுந்தவனை முதலில் தூக்கு என்பது அங்கே எழுதாத சட்டமாம். உலகமெங்கும் இந்தக் கூட்டங்களில் அதுதான் வழக்கமாம். நான் பார்த்த எத்தனையோ கண்ணியமான கூட்டங்களில் இந்தச் சட்டம் இல்லை.

இடைவேளையில் பையனைக் கேட்டேன்: “இந்த சத்தம் எங்கேயிருந்துப்பா வந்தது?” அவன் கண் விரிய ஒரு கதை சொன்னான். பிறகு நானும் தேடிப் படித்தேன். அந்தக் கதையைத்தான் தகப்பன்மார் அனைவருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்று ஒரு நகரம். உலகத்தின் பட்டறை என்று அதற்குப் பட்டப்பெயர். அதில் ஆஸ்டன் என்று ஒரு பேட்டை. நம் அம்பத்தூரைப் போலவே ஆலைச் சுவரும் தொழிலாளி வீடும் ஒட்டிக் கிடந்த பேட்டை. அம்பத்தூருக்கும் ஆஸ்டனுக்கும் உள்ள உறவு உவமையோடு நிற்கவில்லை. நம் தகப்பன்மார் மிதித்த ஹெர்குலிஸ் சைக்கிளின் பூர்வீகம் அந்த ஆஸ்டன்தான். பர்மிங்ஹாம் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியின் கூட்டில் 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவப்பட்டது. பாடியில் பஸ் கண்டக்டர்கள் ‘லூகாஸ்’ என்று கூவி இறக்கிவிடுகிறார்களே, அந்த லூகாஸும் பர்மிங்ஹாம் கம்பெனியின் பெயர்தான், டி.வி.எஸ்.ஸோடு சேர்ந்து 1961இல் இங்கே வந்தது. அதே லூகாஸின் பர்மிங்ஹாம் ஆலையில் ஆஸ்டனைச் சேர்ந்த ஓர் ஏழைப் பையன் கார் ஹாரன்களுக்குச் சுருதி பார்க்கும் வேலை செய்தான். அவன் தாயும் அங்கே தொழிலாளி. தகப்பன் இன்னோர் ஆலையில் இரவு ஷிப்டு. ஹாரன் சத்தம் பொறுக்காமல் ஓடிப்போய் மாடு அறுக்கும் கொட்டிலில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் பெயர் ஆஸி ஆஸ்போர்ன். பின்னாளில் ‘பிளாக் சாபத்’ குழுவின் பாடகன்.

அதே பேட்டையில் டோனி அயோமி என்று இன்னொருவன். 1948இல் பிறந்தவன். தகரப் பட்டறையில் வெல்டிங் வேலை. இடது கைக்காரன், கிதார் வாசிப்பான். 1965இல், பதினேழு வயதில், ஒரு குழுவோடு ஐரோப்பாவுக்கு வாசிக்கப் போகும் வாய்ப்பு வந்தது. வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டான். கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவன், “இனி எதுக்கு திரும்பிப் போகணும்?” என்றான். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று தாய் அனுப்பினாள். எந்தத் தொழிலாளியின் தாய் வேறு விதமாகச் சொல்லியிருப்பாள்?

அன்று பிரஸ்ஸில் நிற்க வேண்டிய ஆள் வரவில்லை. அந்த இயந்திரத்தில் பழக்கமில்லாத இவனை நிறுத்தினார்கள். பிரஸ் இறங்கிற்று. வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போயின. இடது கைக்காரன் ஆனதால் தந்தியை அழுத்துகிற கை அந்த வலது கைதான். வாசிப்பு முடிந்தது என்றார்கள் டாக்டர்கள்.

பட்டறை மேலாளர் ஒருவர் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற நாடோடிச் சாதிக் கலைஞன் வாசித்தது. 1928இல் அவன் வண்டி தீப்பற்றி இரு விரல்கள் முடங்கிப்போன பிறகு, மிஞ்சிய விரல்களால் வாசித்து உலகப் புகழ் பெற்றவன். அயோமிக்கு உயிர் வந்தது. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வருகிற பிளாஸ்டிக் புட்டியை உருக்கினான். விரலுக்குத் தொப்பி செய்தான். பழைய சட்டைத் தோலை வெட்டி அதன் மேல் ஒட்டினான். விரல் நுனியில் உணர்ச்சி இல்லாததால் கனத்த தந்தி ஒத்துவரவில்லை. மெல்லிய தந்தி கட்டினான். பிற்பாடு சுருதியையே இறக்கித் தந்தியைத் தளர்த்தினான். 1971 இசைத்தட்டில் மூன்று அரைச் சுரம் கீழே இறக்கிவிட்டான். இறக்கியதும் கிதார் உறுமத் தொடங்கிற்று. அந்த உறுமல்தான் இன்று உலகமெங்கும் கன உலோக இசையின் அடையாளம்.

கவனியுங்கள் தோழர்களே! தகரப் பட்டறையில் வெட்டுண்ட ஒரு தொழிலாளி, பட்டறைக்காரனுக்கே உரிய கைவேலைப் புத்தியால், குப்பையில் கிடந்த பொருளைக் கொண்டு தன் கையைத் தானே செப்பனிட்டுக்கொண்டான். அதிலிருந்து பிறந்தது இந்தச் சங்கீதம்.

அக்குழுவின் நால்வரும் ஆஸ்டன்காரர்களே. பர்மிங்ஹாமில் கிரவுன் என்ற மதுக்கடையின் மாடியில் நெருக்கியடித்து நின்ற கூட்டத்துக்கு முன்னால் வாசித்துப் பழகினார்கள். நாங்கள் நின்ற கடை மாடியைப் போலத்தான் இருந்திருக்கும். முதல் இசைத்தட்டை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1970 பிப்ரவரி 13இல் வெளிவந்தது. வியட்நாமில் குண்டு பொழிந்துகொண்டிருந்த அதே ஆண்டில், போரை மூட்டுகிற தலைவர்கள் வீட்டில் ஒளிந்துகொண்டு ஏழைப் பிள்ளைகளைச் சாக அனுப்புகிறார்கள் என்று சாடி ‘வார் பிக்ஸ்’ என்ற பாட்டை இசைத்தட்டில் ஏற்றினார்கள். ஏகாதிபத்தியக் கழிசடை என்ற தோழர் இதைக் கேட்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்களான ‘ஜூடாஸ் பிரீஸ்ட்’ குழுவினர் 1980 ஏப்ரலில் வெளியிட்ட தட்டுக்கு வைத்த பெயர் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’. அக்குழுவின் கிதார்க்காரர் கிளென் டிப்டன் அந்த அரசாங்க உருக்குக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்த ஆண்டு ஜனவரி 2இல் தொடங்கிய உருக்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பதின்மூன்று வாரம் நடந்து அப்போதுதான் முடிந்திருந்தது.

இனி நம் விஷயத்துக்கு வருவோம்.

அயோமியின் விரல் கதை பையனுக்குத் தலைகீழ்ப் பாடம். எந்தத் தட்டில் எத்தனை சுரம் இறக்கினான் என்பது வரை சொல்கிறான். “நீ என்னப்பா வேலை செய்யறே?” என்று கேட்டேன். “பிரஸ்தான் மாமா.” “காப்பு இருக்கா?” “இருக்கு. ரெண்டு கைப் பொத்தான்.” பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்: “ஒரு பொத்தானை டேப் ஒட்டி அமுக்கி வெச்சிருக்காங்க மாமா. பீஸ் கணக்கு வரணுமில்ல?”

இரண்டு கைப் பொத்தான் எதற்கு? இரு உள்ளங்கையும் பொத்தான் மேல் இருந்தால்தான் பிரஸ் இறங்கும். ஆகவே இறங்கும்போது விரல் அச்சுக்குள் இருக்க முடியாது. ஒரு பொத்தானை டேப்பால் கட்டிப்போட்டால் ஒரு கை சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கிற கை அச்சுக்குள் போகிறது. நாளைக்குச் சில நூறு உருப்படிகள் கூடுதல். அதற்கு ஈடாக ஒருவனின் விரல். இந்த டேப்பின் விலை என்ன? பத்து ரூபாய் இருக்குமா?

நான் அவனை வேறொன்று கேட்டேன். “சட்டத்துலே உன் விரலுக்கு என்ன விலை தெரியுமா?” தெரியவில்லை. அவனுக்கு மட்டுமா தெரியவில்லை? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை ஒவ்வொரு விரலுக்கும் சம்பாதிக்கும் சக்தியில் இத்தனை சதவீதம் என்று விலை எழுதிற்று. கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலும் சுண்டு விரலும் தலைக்கு 7. எலும்பு போகாமல் நுனிச்சதை மட்டும் நறுக்குண்டால் ஆள்காட்டிக்கு 5, நடுவிரலுக்கு 4, மோதிர விரலுக்கு 2. அயோமியின் இரு விரல் நுனிகளையும் இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். எலும்பு தப்பியிருந்தால் 4ம் 2ம் சேர்ந்து 6 சதவீதம். ஒவ்வொரு கணு போயிருந்தால் 7ம் 5ம் சேர்ந்து 12. அவ்வளவுதான்!

பதினேழு வயதுப் பையனைச் சரியான பயிற்சி இல்லாமல் அபாயகரமான இயந்திரத்தில் நிறுத்தக் கூடாது என்று நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு விதித்தது. அதன் கீழ் வந்த விதிகளில் அபாய இயந்திரப் பட்டியலின் தலைப்பிலேயே பவர் பிரஸ் நின்றது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய தொகுப்புச் சட்டங்களை மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. சட்டப் புத்தகத்தின் அட்டை மாறலாம். பொத்தான் மேல் ஒட்டிய டேப் மாறவில்லை. விரல் போன அன்றைக்குத்தான் இ.எஸ்.ஐ.யில் பெயர் பதிகிற ஒப்பந்தக்காரர்களும் இருக்கிறார்கள். அடிபட்ட கையோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதுதான் அவன் அந்தப் பட்டறையின் தொழிலாளி ஆகிறான்.

வயல் வேலை செய்யும் சகோதரர்கள் இது பட்டறைக்காரன் பாடு என்று எண்ண வேண்டாம். கதிரடிக்கும் இயந்திரம் எத்தனை கைகளை வாங்கிற்று! பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேச வயல்களில் கூலிக்காரர்களின் கைகள் அறுபட்டு அறுபட்டுத்தான் 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று வந்தது. கதிரடிக்கும் இயந்திரத்தின் வாய்க்கு மூடி போட வேண்டும், கை போனால் இழப்பீடு தர வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தச் சட்டம் இருக்கிறது என்று எத்தனை கிராமத்தில் தெரியும்?

இனி காது. இந்தக் கச்சேரிகள் செவியைக் கெடுக்கின்றன என்று தகப்பன்மார் சொல்வது வீண் பேச்சு அல்ல. அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் மூன்று மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 100 டெசிபலில் பதினைந்து நிமிஷத்தோடு சரி. அந்தக் கூடத்தில் மூன்று மணி நேரம் நின்றோம். எனக்கு மறுநாள் முழுதும் காதில் சில்வண்டு கத்திற்று. காதுக்குப் பஞ்சு அடைப்பான் இல்லாமல் போகாதே என்று பையனுக்குச் சொல்லியிருக்கிறேன். வாசிக்கிறவர்கள் எல்லோரும் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டுதான் வாசித்தார்கள் என்பதையும் பார்த்தேன்.

ஆனால் அதே தகப்பன்மாரைக் கேட்கிறேன்: மாதம் ஒரு முறை மூன்று மணி நேரம் கேட்கிற சத்தத்துக்கு இவ்வளவு கோபம் வருகிறதே, தினம் எட்டு மணி நேரம் கேட்கிற சத்தத்துக்கு ஏன் வரவில்லை? தறிக்கூடத்து இரைச்சல் நூறு டெசிபலை ஒட்டி நிற்கும். தறிக்காரர்கள் உதட்டசைவையும் கைச்சாடையையும் வைத்துப் பேசிக்கொள்வதை ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் அறியும். வீட்டுக்கு வந்தும் உரத்துப் பேசுவார்கள். மனைவி மக்கள் அது கோபம் என்று நினைப்பார்கள். காது போய்விட்டது என்று தெரியாது. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை சர்க்காருக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய் என்று 1948 சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல், நூறு டெசிபல் என்றால் இரண்டு மணி நேரம் என்று நம் விதிகள் வகுத்தன. நியோஷின் கணக்குப்படி பதினைந்து நிமிஷம். நம் விதிப்படி இரண்டு மணி நேரம். தொழிலாளியின் காது இங்கே இரும்பில் வார்த்ததா என்ன? தோழரின் மகன் டிக்கெட் வாங்கி நுழைந்த கூடத்திலிருந்து வெளியே வர அவனுக்குச் சுதந்திரம் உண்டு. பட்டறையிலிருந்து வெளியே வரச் சுதந்திரம் கிடையாது.

“இரைச்சல்” என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் எந்தச் சத்தத்தைச் சங்கீதம் என்பது, எந்தச் சத்தத்தை இரைச்சல் என்பது என்று தீர்மானித்தவர்கள் யார்? பறையை இரைச்சல் என்றார்கள். சாவு மேளம் என்று தெருவோரத்தில் தள்ளினார்கள். கானாப் பாட்டைக் குப்பத்துக் கூச்சல் என்றார்கள். ஆடி மாதத்தில் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தைப் பாருங்கள். பம்பையும் உடுக்கையும் அதிர, ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் தலைவிரித்து ஆடுகிறார்கள். அவர்கள் நம்பிக்கையைப் பற்றி நான் இங்கே வாதம் செய்யவில்லை. வருஷம் முழுவதும் அடக்கி வைத்த மூச்சு அந்த ஒரு நாளில் வெளியே வருகிறது. மரியாதைக்காரர்கள் அதையும் காட்டுக் கூச்சல் என்கிறார்கள். கடை மாடியில் தலையை ஆட்டி ஆட்டிக் களைத்த பையனைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பெண்களின் ஞாபகம்தான் வந்தது. 2018 ஜனவரி 6இல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர் முதல் முறையாக மேடை ஏறினார்கள். பறையும் கானாவும் கிதாரும் டிரம்மும் ஒரே மேடையில் நின்று சாதியை எதிர்த்தன. கிதார் அந்நியச் சரக்கு என்று அன்று யாரும் எழுந்து போகவில்லை. ஆர்மோனியம் மட்டும் எந்த ஊர்ச் சரக்காம்?

கூடத்தில் எனக்கு உண்மையாகவே பயம் தந்தது பாட்டு அல்ல, வாசல். இருநூறு பேருக்கு ஒரே படிக்கட்டு. சுவர் நிறையச் சத்தம் வெளியே போகாதபடி ஒட்டிய நுரைப் பஞ்சு. இதைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு.

ருமேனியாத் தலைநகர் புக்கரெஸ்டில் ஒரு பழைய செருப்பு ஆலை. ஆலை போய் அதற்குள் ‘கொலெக்டிவ்’ என்று ஒரு கேளிக்கைக் கூடம் வந்தது. 2015 அக்டோபர் 30 இரவு அங்கே ஓர் உலோக இசைக் குழுவின் கச்சேரி. உள்ளேயே வாணம் கொளுத்தினார்கள். பொறி நுரைப் பஞ்சில் பற்றிற்று. கூட்டம் அனைத்தும் ஒரே வாசலுக்கு ஓடிற்று. மொத்தம் 64 பேர் இறந்தார்கள். வாசித்த ஐவரில் நால்வர் மாண்டார்கள். தீயணைப்பு அனுமதி இல்லாமலே கூடம் நடந்தது தெரியவந்ததும், லஞ்சம்தான் கொன்றது என்று எழுதிய அட்டைகளோடு பல்லாயிரம் பேர் வீதிக்கு வந்தார்கள். நவம்பர் 4இல் பிரதம மந்திரி ராஜினாமா செய்தார். கதை அதோடு முடியவில்லை. தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் பலர் காயத்தில் கிருமி புகுந்து செத்தார்கள். ஆஸ்பத்திரிகளுக்கு விற்ற கிருமிநாசினியில் தண்ணீர் கலந்திருந்தது என்று 2016இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகையின் நிருபர்கள் அம்பலப்படுத்தினார்கள். விளையாட்டுப் பத்திரிகை! மற்றப் பத்திரிகைகள் என்ன செய்துகொண்டிருந்தனவோ.

அவ்வளவு தூரம் போவானேன்? 2025 டிசம்பரில் கோவாவில் ஆர்ப்போரா என்ற இடத்தில் இரவுக் கேளிக்கைக் கூடம் ஒன்று எரிந்து 25 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் ஆடவும் பாடவும் வந்தவர்கள் அல்ல. அங்கே சமைக்கவும் பரிமாறவும் கூலிக்கு வந்த தொழிலாளர்கள். பிரஸ்ஸுக்குக் காப்பு போடாமல் மிச்சம் பிடிக்கிற கணக்கும், கூடத்துக்கு இரண்டாவது வாசல் வைக்காமல் மிச்சம் பிடிக்கிற கணக்கும் ஒரே பேரேட்டில்தான் எழுதப்படுகின்றன. மகன் போகும் கச்சேரியைத் தடுக்க நினைக்கும் தகப்பன், அந்தக் கூடத்துக்கு எத்தனை வாசல் என்று ஒரு முறை போய் எண்ணிப் பார்க்கட்டும். அது மகன் மதிக்கக்கூடிய கண்டிப்பு.

இப்படிச் சொல்வதால் இந்தச் சங்கீதத்துக்கு நான் மாலை போட்டுவிட்டேன் என்று பையன்கள் துள்ள வேண்டாம். உங்களிடமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. டிக்கெட் 500 ரூபாய். ஒப்பந்தத் தொழிலாளியின் ஒரு நாள் கூலியை எட்டிப்பிடிக்கிற காசு. மண்டை ஓட்டுப் பனியன் அதற்கு மேல். பட்டறையில் பிறந்த இசையைப் பட்டறைக்காரனுக்கே கூலி விலைக்கு விற்கிறார்கள். 2007 மார்ச்சில் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு ‘அயர்ன் மெய்டன்’ வந்தது, 2011 அக்டோபரில் ‘மெட்டாலிகா’ வந்தது. மைதானம் நிறைந்தது, கல்லா நிறைந்தது. நாங்கள் போன கூடத்திலேயே முன்வரிசை முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களும். நம் பையன்கள் நால்வரும் பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள். இங்கிலீஷ் வராததால் யாரோடும் பேச்சு இல்லை. பெண்பிள்ளைகள் கையால் எண்ணும் அளவே. இந்தோனேசியாவில் கருத் என்ற பகுதியின் சிற்றூரிலிருந்து கிளம்பிய மூன்று இளம் பெண்கள், தலையில் முக்காட்டோடு, ‘வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட்’ என்ற குழுவாக இதே இசையை வாசித்து உலக மேடைகள் ஏறியிருக்கிறார்கள். இங்கே பெண்கள் நிற்கவே இடமில்லை.

பையன்களிடம் எனக்குள்ள பெரிய குறை வேறு. கூடத்தில் அத்தனை முஷ்டிகளும் உயர்ந்தன. பாடகன் கத்தினான், இருநூறு தொண்டைகள் திருப்பிக் கத்தின. மறுநாள் காலை அதே கை, டேப் ஒட்டிய பொத்தானுக்குப் பக்கத்தில் பேசாமல் போய் உட்கார்ந்தது. அயோமி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டது பெரும் சாதனைதான். ஆனால் அவனுக்கு அந்தத் தொப்பி தேவைப்பட்டிருக்கவே கூடாது. பிரஸ்ஸில் அறுபட்ட விரல்கள் கோடிக் கணக்கில் உண்டு. அவற்றில் ஒன்றுதான் இசைத்தட்டு ஆயிற்று. மற்றவர்கள் 6 சதவீதத்தோடு வீட்டுக்குப் போனார்கள், அல்லது அதுவும் இல்லாமல் போனார்கள். 2025 ஜூலை 5இல் ஆஸ்டனின் வில்லா பார்க் மைதானத்தில் அந்த நால்வரும் கடைசி முறையாகச் சேர்ந்து வாசித்தார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். நோயுற்ற ஆஸி ஆஸ்போர்ன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். ஜூலை 22இல் மறைந்தார். பையன்கள் அன்று அழுதார்களாம். அழுங்கள், தப்பில்லை. அவர் ஹாரனுக்குச் சுருதி பார்த்த ஆலையின் பெயரை உங்கள் பஸ் தினமும் கூவிக்கொண்டு போகிறது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

இந்த வழக்கு இப்போது வீட்டை விட்டு வெளியே வந்திருக்கிறது. வருகிற மே தினத்துக்குத் திருவேற்காட்டில் போடும் மேடையில் தங்களுக்கு அரை மணி நேரம் வேண்டும் என்று பையன்கள் கேட்டிருக்கிறார்கள். நால்வரும் சேர்ந்து தமிழில் ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறார்களாம்; இரண்டு கைப் பொத்தானைப் பற்றியதாம். கமிட்டியில் எதிர்ப்பு பலமாக இருக்கிறது. செங்கொடி மேடையில் கிதாரா என்கிறார்கள் பெரியவர்கள். பாவலர் வரதராசன் தம் தம்பிமார்களோடு ஊர் ஊராகப் பாடியது எந்த மேடையில்? அந்தத் தம்பிமார்களில் ஒருவர்தானே இளையராஜா? மேடையில் என்ன வாத்தியம் ஏறலாம் என்பதை அன்று அந்த மேடை கேட்கவில்லை.

என் அபிப்பிராயம் இது. அரை மணி நேரம் கொடுக்கலாம். ஒலிபெருக்கிக்காரர் சத்தத்தை அளவோடு வைக்கட்டும். பக்கத்துத் தெருவில் இரவு ஷிப்டு முடித்துத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒருநாளைக்காவது சதவீத அட்டவணையைப் பெரிய எழுத்தில் ஒரு தட்டியில் எழுதி மேடைக்குப் பக்கத்தில் கட்டிவைக்க வேண்டும். எழுதித் தர நான் தயார். பாட்டைப் பேச்சாளர்களுக்கு முன்னாலேயே வைத்துவிடுவது நல்லது. பேச்சு முடியும்வரை காத்திருந்தால் கேட்க ஆள் இருக்காது.